கணிப்பொறி நிரலில் பாதுகாப்பு நிபந்தனைகளைப் பதிவு செய்தல்

1996 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் நாள், பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் புதிய ராக்கெட்டான ஏரியான் 5 முதன்முறையாக விண்ணில் செலுத்தப்பட்டது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராய்வதற்கான நான்கு செயற்கைக் கோள்களை அது சுமந்து சென்றது. ஏறத்தாழ 40 விநாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பாதையை விட்டு விலகி, உடைந்து, வெடித்துச் சிதறியது. எந்திரத்தில் பழுதில்லை, எரிபொருளிலும் குறையில்லை. ராக்கெட்டின் நிலையையும் திசையையும் அளந்து சொல்லும் கருவிக்குள் இருந்த கணிப்பொறி நிரலே இவ்விபத்துக்குக் காரணமாயிற்று.

நடந்தது இதுதான். ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை, 64 பிட் பதின்ம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக நிரல் மாற்றியது. 16 பிட்டில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. வந்த மதிப்போ அதனினும் பெரியது. மாற்றம் தோல்வியுற்றது, கருவி செயலிழந்தது. அவசரத்துக்கு உதவ வைக்கப்பட்டிருந்த மாற்றுக் கருவியும் அதே நிரலைக் கொண்டிருந்ததால், ஒரு விநாடியின் சிறு பகுதிக்கு முன்பாகவே அதே காரணத்தால் செயலிழந்திருந்தது. பழுதைத் தெரிவிக்க அனுப்பப்பட்ட எண்களைப் பறத்தலுக்குரிய அளவீடுகள் என முதன்மைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டு, இல்லாத விலகலைத் திருத்த முற்பட்டது.

இவ்வகையில் அளவு மீறக்கூடிய மதிப்புகள் ஏழு உண்டு என்பதை நிரலை எழுதியவர்கள் அறிந்தே இருந்தனர். கணிப்பொறியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்தமையால், நான்கிற்கு மட்டும் காப்பு அளித்து, மூன்றைக் காப்பின்றி விட்டனர். அம்மூன்றும் இயற்பியல் காரணங்களால் எல்லை மீறா என்பது அவர்கள் கணக்கு. பழைய ஏரியான் 4 ராக்கெட்டைப் பொறுத்தவரை அக்கணக்கு சரியானதே. ஆனால் அந்த நிரல் அப்படியே ஏரியான் 5-க்கு எடுத்துச் செல்லப்பட்டது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகமோ பழையதைக் காட்டிலும் மிக விரைவாக உயர்ந்தது.

விபத்தை ஆராய்ந்த குழு, கணித அறிஞர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில், அதே ஆண்டு ஜூலை 19 அன்று அறிக்கை அளித்தது. அவ்வறிக்கையில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது ஒரு சிறு குறிப்பாகும். மூன்று மதிப்புகளைக் காப்பின்றி விட்டதற்கான நியாயம் மூல நிரலில் எங்கும் சுட்டப்படவில்லை என்று குழு கண்டது. முடிவு முறைப்படி, பங்கேற்ற அமைப்புகளின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டதே. அது ஆவணக் குவியலுக்குள் புதைந்து கிடந்தது. நிரலைப் படிப்பவரின் கண்ணில் படும் இடத்தில் இல்லை. நியாயப்படுத்தும் ஆவணங்களுக்கு நிரலுக்கு அளிக்கும் அதே கவனத்தை அளிக்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் முறைகளை மேம்படுத்த வேண்டும் என்பது குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

இப்பரிந்துரையை அன்றாட நிரலாக்கத்தில் நடைமுறைப்படுத்துவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அடித்தள நிரல்களின் இயல்பு

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலும், கணிப்பொறியின் இயக்கமுறையும் ஒரே தன்மையன அல்ல. இயக்கமுறையின் உட்கருவான கெர்னல், கருவிகளை இயக்கும் நிரல்கள், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் நூலகங்கள் ஆகியவை வன்பொருளோடு நேரடியாக உறவாடுபவை. நினைவகத்தின் ஒரு முகவரியைக் கையில் எடுத்து, அங்கே எழுதவும் படிக்கவும் அவற்றுக்கு உரிமை வேண்டும். அம்முகவரி சரியானதா என்பதை எல்லா நேரங்களிலும் எந்திரமே சோதித்துக்கொண்டிருக்க இயலாது. சில இடங்களில் சோதிப்பதற்கு வேண்டிய செய்தியே எந்திரத்திடம் இராது.

ஆகவே இவ்வகை நிரல்கள் நிபந்தனைகளின் மீது நிற்கின்றன. "இந்த முகவரியில் இத்தனை பைட்டுகள் உள்ளன", "இவ்விடத்தை இப்போது வேறு எவரும் மாற்றவில்லை" என்பன போன்ற நிபந்தனைகள் உண்மையாக இருக்கும் வரை நிரல் ஒழுங்காக இயங்கும். பொய்த்துப் போனால், நிரல் உடனே நின்றுவிடும் என்றும் சொல்வதற்கில்லை. சில நாட்கள் ஓடலாம். தவறான விடை தரலாம். அயலான் ஒருவன் உள்ளே நுழைய வழி திறக்கலாம். இதனை வரையறுக்கப்படாத நடத்தை என்பர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2019 இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நிறுவனம் ஆண்டுதோறும் திருத்திய பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் விளைந்தவை.

1970-களின் தொடக்கத்தில் உருவான சி மொழி, இத்தகைய நிபந்தனைகளை நிரலாளரின் நினைவாற்றலுக்கும் கையேட்டுக்கும் விட்டுவிட்டது. அம்மொழியில் நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்கு நகலெடுக்க 'மெம்காப்பி' என்றொரு செயற்கூறு உண்டு. இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது அதன் நிபந்தனை. கையேட்டில் தெளிவாகவே உள்ளது. ஆயினும் அதை மீறிய நிரல்கள் பல ஆண்டுகள் இடரின்றி இயங்கின. 2010 இல், லினக்ஸ் அமைப்புகள் பயன்படுத்தும் சி நூலகம், வேகத்தின் பொருட்டுச் சில செயலிகளில் நகலெடுக்கும் திசையை மாற்றியது. அதுவரை குறையின்றி இயங்கிய அடோபி ஃபிளாஷ் நிரலில் ஒலி சிதைந்து கேட்கத் தொடங்கியது. நூலகத்தார் நிபந்தனையைச் சுட்டினர். பயனர்களோ நேற்றுவரை ஓடியதே என்றனர். நிபந்தனை கையேட்டில் இருந்தது. அதை நம்பிய இடத்தில் அதன் சுவடே இல்லை.

வேறொரு செயற்கூற்றின் கதை இன்னும் வேடிக்கையானது. விசைப்பலகையிலிருந்தோ பிணையத்திலிருந்தோ வரும் ஒரு வரியைப் படித்து நினைவகத்தில் இடுவது 'கெட்ஸ்'. வரும் வரி ஒதுக்கிய இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வரியின் நீளமோ அனுப்புபவரின் கையில் உள்ளது. அழைக்கும் நிரலாளர் அந்நிபந்தனைக்கு எப்படி உறுதி கூறுவார்? 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, இச்செயற்கூற்றைப் பயன்படுத்திய ஒரு நிரலின் வழியாகவும் கணிப்பொறிகளுக்குள் புகுந்தது. 2011 ஆம் ஆண்டின் சி மொழித் தரம் 'கெட்ஸ்' செயற்கூற்றை அடியோடு நீக்கியது. நிபந்தனையை ஒருவர் வாக்கியமாக எழுதி, அதை யார் நிறைவேற்றுவது என்று கேட்டிருந்தால், அது நிறைவேற்ற இயலாதது என்பது முதல் நாளே புலப்பட்டிருக்கும். ஆவணப்படுத்துதல் வேலை முடிந்தபின் செய்யும் எழுத்தர் பணி என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு சொல், இரு பொருள்

2015 ஆம் ஆண்டு மே மாதம் முதற்பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி இவ்விடத்தில் ஒரு புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தது. அம்மொழியில் நிரலின் பெரும்பகுதியைத் தொகுப்பியே சோதித்து, நினைவகம் தவறாகக் கையாளப்படவில்லை என உறுதி செய்துவிடும். தொகுப்பியால் சோதிக்க இயலாத செயல்களைச் செய்ய வேண்டுமானால், நிரலாளர் 'அன்சேஃப்' என்ற சொல்லை எழுதியாக வேண்டும். பாதுகாப்பற்றது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். எனினும் அப்பகுதி ஆபத்தானது என்று அது கூறுவதாகக் கொள்ளலாகாது. அதன் பாதுகாப்புக்கு எந்திரம் பொறுப்பேற்கவில்லை, மனிதர் பொறுப்பேற்கிறார் என்பதே அதன் கருத்து.

அச்சொல் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் அதன் பொருள் வேறு. ஒரு செயற்கூற்றின் தலைப்பில் வரும்போது, "என்னை அழைப்பவர் சில நிபந்தனைகளை நிறைவேற்றக் கடமைப்பட்டவர்" என்கிறது. அழைக்கும் இடத்தில் ஒரு பகுதியைச் சூழ்ந்து வரும்போது, "அக்கடமையை நான் நிறைவேற்றிவிட்டேன்" என்கிறது. முன்னது ஒப்பந்தத்தின் நிபந்தனை. பின்னது அந்நிபந்தனைக்கு எழுதித் தரும் உறுதிமொழி. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டிற்கும் தனித்தனி ஆவணம் உண்டு. செயற்கூற்றின் விளக்கவுரையில் 'சேஃப்டி' என்ற தலைப்பின் கீழ் நிபந்தனைகள் எழுதப்படுகின்றன. அழைக்கும் பகுதிக்கு நேர்மேலே, அதே சொல்லில் தொடங்கும் குறிப்பாக உறுதிமொழி எழுதப்படுகிறது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழிக்கு இடமளித்துள்ள லினக்ஸ் கெர்னல், இவ்விரண்டையும் தன் நிரலாக்க விதிகளில் வலியுறுத்துகிறது.

முன்பு ஒரு குழப்பம் இருந்தது. தலைப்பில் அச்சொல்லைப் பெற்ற செயற்கூற்றின் உடல் முழுவதுமே உறுதிமொழி அளிக்கப்பட்ட பகுதியாகக் கொள்ளப்பட்டது. கடமையைச் சுமத்தியவரே, ஒரு சொல்லும் எழுதாமல், உள்ளே தமக்குரிய கடமைகளையும் நிறைவேற்றியவராகிவிட்டார். 2025 பிப்ரவரியில் வந்த 1.85 பதிப்போடு நடைமுறைக்கு வந்த மொழியின் 2024 ஆம் ஆண்டு வடிவத்தில், உள்ளே செய்யும் ஆபத்தான செயல்களையும் தனிப் பகுதியாகக் குறிக்கத் தவறினால் தொகுப்பி எச்சரிக்கிறது.

நிபந்தனையை எழுதும் முறை

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகக் காண்போம். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல், ஒரு முகவரியையும் ஓர் எண்ணிக்கையையும் தருகிறது எனக் கொள்வோம். இவ்விரண்டையும் சேர்த்து, ரஸ்ட் மொழிக்குரிய ஒரு வரிசையாக ஆக்கும் செயற்கூறு அம்மொழியின் நூலகத்தில் உள்ளது. பார்ப்பதற்கு மிக எளிய வேலை. அதன் நிபந்தனைகளோ பல. முகவரி வெறுமையாக இருத்தல் கூடாது. அது உறுப்பின் வகைக்கேற்ற எல்லையில் அமைந்திருக்க வேண்டும். எண்ணிக்கை குறிக்கும் பைட்டுகள் முழுவதும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டு ஒதுக்கீடுகள் அடுத்தடுத்து அமைந்தாலும் அவற்றை ஒன்றாகக் கொள்ளலாகாது. ஒவ்வோர் உறுப்பிலும் முறையான மதிப்பு முன்பே இடப்பட்டிருக்க வேண்டும். வரிசை பயன்பாட்டில் உள்ளவரை அவ்விடத்தை வேறு எவரும் மாற்றக் கூடாது. மொத்த அளவுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு.

இவற்றுள் முதலாவதைக் கவனிக்க. எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருக்கும்போதும் முகவரி வெறுமையாக இருத்தல் கூடாது என்கிறது அது. சி மொழியில் எழுதுவோர், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்க வெற்று முகவரியையும் பூஜ்ஜியத்தையும் சேர்த்துத் தருவது நெடுங்கால வழக்கம். ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன தீங்கு நேரும் என்று தோன்றும். ஆனால் ரஸ்ட் தொகுப்பியோ, வரிசையின் முகவரி ஒருபோதும் வெறுமையாக இராது என்ற நம்பிக்கையில், அவ்வெற்று மதிப்பை வேறொரு பொருளுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இந்த எல்லைநிலையை விளக்கவுரை வெளிப்படையாகச் சொல்லாவிடில், அனுபவமுள்ள நிரலாளரும் தவறுவார். நல்ல ஆவணம் பொது விதியோடு நிற்பதில்லை. பூஜ்ஜியம், உச்ச வரம்பு, ஒரே பொருளை இருவர் பகிர்தல் போன்ற ஓரங்களைத் தேடிச் சென்று பேசுகிறது.

உறுதிமொழிக் குறிப்பில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகின்றனர். "இது பாதுகாப்பானது", "முகவரி சரியானது" என்பன போன்ற குறிப்புகளை எத்தனையோ நிரல்களில் காணலாம். அலுவலகக் கோப்பில் காரணம் சுட்டாமல் "விதிப்படி ஏற்கலாம்" என்று எழுதிக் கையொப்பமிடுவதற்கு இது நிகர். எந்த விதி, எந்தப் பிரிவு, எந்த ஆவணம் என்று தணிக்கையாளர் கேட்கும்போது பதில் இராது. மேற்கண்ட செயற்கூற்றை அழைப்பவர் எழுத வேண்டிய குறிப்பு இவ்வாறு அமையலாம்:

"பாதுகாப்பு: முகவரி வெறுமையா என்று மேலே சோதித்து, வெறுமையானால் திரும்பிவிட்டோம். ஒரே ஒதுக்கீடு, எல்லை, உச்ச வரம்பு மூன்றும் சி நிரலின் ஒப்பந்தப்படி அமைந்தவை. அவ்வொப்பந்தத்தை இச்செயற்கூற்றின் விளக்கவுரையில் நம்மை அழைப்பவருக்கு நிபந்தனையாக வைத்துள்ளோம். உறுப்புகள் பைட்டுகள், அனைத்தையும் சி நிரல் நிரப்பிய பின்னரே நம்மை அழைக்கிறது. பூட்டு நம் கையில் உள்ளது. வரிசையின் பயன்பாடு முடிந்த பின்னரே அதை விடுவிக்கிறோம்."

நீளம் கருதி இதனை வெறுப்பவர் உண்டு. ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நிபந்தனைக்கு விடையளிக்கிறது. ஒன்று இங்கேயே சோதிக்கப்பட்டது. சில அழைப்பவரின் தோளுக்கு மாற்றப்பட்டன. ஒன்று சூழலால் நிறைவேறியது. நாளை ஒருவர் பூட்டை முன்னதாகவே விடுவிக்கும்படி நிரலை மாற்றினால், எந்த வாக்கியம் பொய்யாகிறது என்பது அவர் கண்முன் நிற்கும். ஏரியான் நிரலைப் புதிய ராக்கெட்டுக்கு மாற்றியவர்களுக்கு இத்தகைய ஒரு வரி கிடைத்திருந்தால், 'ஏரியான் 4 பாதையின்படி' என்ற சொற்களே அவர்களை நிறுத்தியிருக்கக்கூடும்.

கூட்டல் பெருக்கல் போன்ற எளிய செயல்களும் இவ்வாதத்தில் தப்பிவிடக் கூடாது. 2018 செப்டம்பரில், ரஸ்ட் மொழியின் சொந்த நூலகத்திலேயே ஒரு குறை வெளிப்பட்டது. ஒரு சரத்தைப் பலமுறை திருப்பி எழுதும் செயற்கூறு, நீளத்தையும் தடவைகளையும் பெருக்கி இடம் ஒதுக்கியது. பின் அன்சேஃப் பகுதியில் அவ்விடத்தை நிரப்பியது. பெருக்குத்தொகை எண்ணின் எல்லையை மீறினால், சுற்றிவந்து சிறிய எண்ணாகிவிடும். ஒதுக்கிய இடம் சிறுத்து, எழுத்து வெளியே வழியும். ஒதுக்கிய இடம் போதுமானது என்ற நிபந்தனை, பெருக்கல் வழியாத வரைதான் மெய். 1.29.1 பதிப்பில் பெருக்கலையே சோதித்துச் செய்யும்படி திருத்தினர். பிழை அன்சேஃப் பகுதிக்கு வெளியே, எவரும் ஐயுறாத ஒரு பெருக்கலில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதனால்தான் மாறா நிபந்தனை என்ற மூன்றாவது ஆவணம் வேண்டப்படுகிறது. வளரும் வரிசை ஒன்று தன்னுள் நீளத்தையும் கொள்ளளவையும் வைத்திருக்கும். நீளம் கொள்ளளவை மீறாது, நீளத்துக்குட்பட்ட உறுப்புகள் யாவும் நிரப்பப்பட்டவை என்பன எக்காலத்தும் மாறாதிருக்க வேண்டியவை. அந்த நீள எண்ணை மாற்றும் ஒரு சாதாரண வரி, அன்சேஃப் என்ற சொல் எதுவுமின்றியே இவற்றைக் குலைத்துவிடும். எனவே அவ்வெண்ணை வெளியார் தொடாதபடி மறைத்து வைப்பதும், மாறா நிபந்தனையைத் தரவு வகையின் தலைப்பிலேயே எழுதுவதும் கடமையாகின்றன. ஆய்வாளர் அன்சேஃப் பகுதியை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடுதல் போதாது. அதைச் சூழ்ந்த முழுக் கூறும் அவர் பொறுப்பில் வருகிறது.

எந்திரம் செய்யும் உதவி ஓரளவே. ரஸ்ட் மொழியோடு வரும் 'கிளிப்பி' என்னும் சோதனைக் கருவி, நிபந்தனை எழுதப்படாத செயற்கூற்றையும் உறுதிமொழி எழுதப்படாத பகுதியையும் சுட்டிக்காட்டும். எழுதியது உண்மையா என்று அது அறியாது. 'மிரி' என்னும் வேறொரு கருவி, சோதனை ஓட்டங்களில் நிகழும் மீறல்களைப் பிடிக்கும். ஓட்டத்தில் வராத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உண்மையைப் படித்துச் சொல்ல மற்றொரு மனிதர் வேண்டும்.

எழுதியதும் பொய்த்த ஒரு நிகழ்ச்சி

எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. 2025 டிசம்பரில் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு செயலி மற்றொன்றோடு பேச உதவும் 'பைண்டர்' என்ற அமைப்பின் ரஸ்ட் வடிவம், லினக்ஸ் கெர்னலின் 6.18 பதிப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பட்டியலிலிருந்து ஓர் உறுப்பை நீக்கும் அன்சேஃப் செயல் இருந்தது. அவ்வுறுப்பு அதே பட்டியலில் இருக்க வேண்டும், அல்லது எப்பட்டியலிலும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உறுதிமொழியும் முறையாக எழுதப்பட்டிருந்தது: இவ்வுறுப்பு தன் உரிமையாளரின் பட்டியலைத் தவிர வேறு பட்டியலில் ஒருபோதும் சேர்க்கப்படுவதில்லை என்பது அதன் சாரம்.

ஆனால் அதே நிரலின் வேறோர் இடத்தில், பூட்டை எடுத்து, உறுப்புகள் அனைத்தையும் ஒரு தற்காலிகப் பட்டியலுக்கு மாற்றி, பூட்டை விடுவித்து, பின்னர் அத்தற்காலிகப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தனர். அந்த இடைவேளையில் வேறோர் இழை, உறுப்பு இன்னும் பழைய பட்டியலில் இருப்பதாக எண்ணி நீக்க முற்பட்டால், இருவரும் ஒரே சுட்டிகளை ஒரே நேரத்தில் மாற்றுவர். நினைவகம் சிதையும், கெர்னல் நின்றுபோகும். கெர்னலில் ரஸ்ட் நிரலுக்கென்று பதிவான முதல் பாதுகாப்புக் குறை எண் இதற்கே அளிக்கப்பட்டது.

இதை வைத்து அம்மொழியை எள்ளியவர்கள் பலர். எனக்குத் தோன்றுவது வேறு. குறையை விளக்கிய திருத்தக் குறிப்பு, எழுதப்பட்ட உறுதிமொழியிலிருந்தே தொடங்குகிறது. அதன் எந்தப் பகுதி, எந்த நிகழ்வு வரிசையில் பொய்த்தது என்று நேராகச் சுட்டுகிறது. சேர்ப்பதைப் பற்றிப் பேசிய உறுதிமொழி, முழுப் பட்டியலையும் மொத்தமாக இடம் மாற்றுவதைப் பற்றி எண்ணவில்லை. திருத்தமும் அதே வழியில் சென்றது: தற்காலிகப் பட்டியலுக்கு மாற்றாமல், மூலப் பட்டியலிலிருந்தே உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும்படி நிரலை மாற்றினர். உறுதிமொழி கூறியது அதன்பின் மெய்யாயிற்று. திருத்தம் 6.18.1 பதிப்பில் வந்து சேர்ந்தது. சி மொழியில் இதே வகைக் குறை நேர்ந்தால், எந்த நம்பிக்கை தவறியது என்பதைக் கண்டறிவதே முதல் வேலையாகிவிடும்.

நம் அலுவலகங்களுக்கு

மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2024 அக்டோபரில் மென்பொருள் உட்கூறுகளின் பட்டியலைத் தயாரிப்பது பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த நூலகங்கள், எந்தெந்தப் பதிப்புகள் உள்ளன என்பதை வாங்குவோர் அறிய இது வழி செய்கிறது. பயனுள்ள தொடக்கம். ஆயினும் ஏரியான் 5-இல் அளவிடும் கருவியின் நிரல் எங்கிருந்து வந்தது என்பது அனைவரும் அறிந்ததே. அது எந்த நிபந்தனையின் மேல் நின்றது என்பதே மறைந்திருந்தது. உட்கூறுகளின் பட்டியல் முன்னதைச் சொல்லும்; பின்னதைச் சொல்லாது.

அடித்தள நிரல்களை எழுதி வாங்கும் துறை, ஒப்பந்தத்திலேயே இதற்கு இடம் செய்துகொள்ளலாம். அன்சேஃப் பகுதிகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்பதில் பெரும் பயனில்லை. எண்ணிக்கையைக் குறைக்கப் பத்துச் செயல்களை ஒரே பகுதிக்குள் திணித்துவிடுவது எளிது. ஒரு பகுதிக்கு ஒரு செயல், ஒவ்வொரு செயலுக்கும் அதன் நிபந்தனைகளை எதிர்கொள்ளும் உறுதிமொழி என்று கேட்பது பொருந்தும். சி மொழியில் எழுதப்பட்ட நிரலாயினும், செயற்கூறுகளின் முன்நிபந்தனைகளை அதே முறையில் எழுதித் தரக் கேட்பதற்குத் தடையேதுமில்லை. ஏற்புச் சோதனையன்று, நிரலறிந்த அலுவலர் ஒருவர் முன்னறிவிப்பின்றி மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்பை எழுதியவரை விடுத்து அதே குழுவிலுள்ள வேறொருவரை அழைத்து, "இவ்வாக்கியம் எப்போது பொய்யாகும்?" என்று கேட்கலாம். விடை கூற அவர் எந்தக் கோப்பைத் திறக்கிறார் என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்வது நலம்.